பாடகனின் சட்டைப்பின்கள்

என்னுடைய வேலை கேட்பது. இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தி நான் களைத்துப்போனேன். "பிரியந்தினி என்ன செய்யிறாள்?" என்று யாராவது கேட்டால், அம்மா "கொம்பியூட்டரிலை ஏதோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். ஒரு பாட்டைப் பதிவு செய்து, கலந்து, எல்லாம் முடித்தபிறகு, அது இசைத்தட்டாக அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒருவர் இருந்து கேட்க வேண்டும். அழுக்கைத் துடைத்து, ஏற்ற இறக்கத்தைச் சரிபார்த்து, "சரி, போகட்டும்" என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசிக் காது நான். ஒஸ்லோவில் யாரிடமாவது பழைய ஒலிநாடா இருந்தால், ஆக்கெர் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் சின்ன ஸ்டூடியோவுக்குத்தான் கொண்டுவருவார்கள். இத்தனை வருடமும் காதை வைத்துத்தான் சாப்பிட்டேன்.

அந்தக் காது போய்க்கொண்டிருந்தது.

பனிக்காலத்தில் ஒரு நாள் ஸ்பீக்கர்களைச் சோதிப்பதற்காக ஒரு தனி ஒலியைக் கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போனேன். வழக்கமாகச் செய்வதுதான். பாதி வழியில் ஒலி நின்றுவிட்டது. ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது என்று எரிச்சலோடு திரையைப் பார்த்தேன். கோடு தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் இருந்த எம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "போதும், நிறுத்து, மண்டை வெடிக்கிறது!" என்று கத்தினாள். எம்மா என்னோடு வேலை செய்கிறவள். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். நான் வேண்டுமென்றே செய்த மாதிரிச் சிரித்துக்கொண்டு நிறுத்தினேன். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

டொக்டரிடம் போகவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு வருத்தம் வந்தால் முதலில் யன்னலைச் சாத்துவார்கள், பிறகுதான் டொக்டர். நானும் அந்த இனம்தானே. நோர்வேயில் படித்து, நோர்வேக்காரரோடு வேலை செய்து, எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கதைக்கவேண்டும் என்று மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிற நான், என் காது விஷயத்தில் ஒரு புகையிரத நிலையத் திருடனைப்போலச் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

வேலைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்ணால் கேட்பது. எங்கள் திரையில் ஒலி படமாக விரியும். தடித்த ஒலிகள் கீழே, மெல்லிய ஒலிகள் மேலே. எங்கே எது கூட, எது குறைய என்று படத்தைப் பார்த்துச் சொல்லலாம். பார்த்துச் சொன்னேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு வேலை முடியும்போதும் இந்த முறை அகப்பட்டுவிடுவேன் என்று பயப்படுவேன், அகப்படாதபோது அடுத்த வேலையை நினைத்துப் பயப்படுவேன்.

அப்போதுதான் யார்ன்ராவ்ன் வந்தது.

யார்ன்ராவ்ன் என்றால் இரும்பு அண்டங்காகம். சிரிக்காதீர்கள். இங்கே ஹெவி மெட்டல் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அவர்கள்தான் சாமி. இடுப்புவரை முடி, வாள், கோட்டை, பாட்டுத் தொடங்கி முடிவதற்குள் சோறு வடித்துவிடலாம். ஆனால் அவர்களுடைய முதல் இசைத்தட்டு அப்படி இல்லை. எண்பத்தொன்றாம் ஆண்டில் ஒரு நிலவறைக்குள் அவசர அவசரமாகப் பதிவு செய்தது. பாட்டெல்லாம் கட்டை. வாசலில் பொலிஸ் நிற்கிற மாதிரி ஓட்டம். பாடுகிறவர் பாடவே இல்லை, வெருட்டுகிறார். அவர் பெயர் துரூல்ஸ். பங்க் இசைக் கூட்டத்திலிருந்து வந்தவர். அந்தக் காலத்தில் பங்க்காரருக்கு நீள முடியும் பிடிக்காது, நீளப் பாட்டும் பிடிக்காது. மெட்டல்காரருக்குப் பங்க்காரரையே பிடிக்காது. அந்த ஒரு தட்டில் மட்டும் இரண்டு பகுதியும் ஒரே அறைக்குள் அடைபட்டுக் கிடந்தன. அதனால்தான் அதில் அவ்வளவு உயிர்.

தட்டு வெளியாகிக் கொஞ்சக் காலத்தில் துரூல்ஸைத் துரத்திவிட்டார்கள். துரத்தியவர் கிற்றார்காரர் எய்வின். அன்றிலிருந்து இன்றுவரை எந்தப் பேட்டியிலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "அந்தத் தட்டில் பங்க் என்று ஒன்றுமே இல்லை. எங்களுக்கு நேரம் போதவில்லை, அவ்வளவுதான்." பிறகு அதே பாட்டுகள் குறுந்தட்டாக வந்தபோது துரூல்ஸின் குரலைக் கிற்றாருக்குக் கீழே போட்டுப் புதைத்தும் விட்டார்.

எனக்கு அந்தத் தட்டில் ஒரு பைத்தியம். பதினாறு வயதில் பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தி கசெட்டில் இறக்கித் தந்தாள். பிரதிக்குப் பிரதி எடுத்து, மேல் ஒலியெல்லாம் செத்துப்போன கசெட். ஹொல்ம்லியாவிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில் அதையே கேட்டுக்கொண்டு போவேன். வீட்டில் சத்தம் போடாத பிள்ளை நான். எனக்கும் சேர்த்து அந்த ஆள் சத்தம் போட்டார். நான் இந்த வேலைக்கு வந்ததே அந்தக் கசெட்டால்தான்.

இப்போது மூலநாடாவிலிருந்து அந்தத் தட்டை மறுபடி வெளியிடப் போகிறார்கள். கம்பனி எய்வின், துரூல்ஸ் இரண்டு பேரிடமும் சம்மதம் வாங்கியது. துரொண்ட்ஹெய்மில் இருக்கும் துரூல்ஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தன் குரலில் யாரும் கை வைக்கக்கூடாது.

ஈஸ்டர் விடுமுறைக்கு எம்மா மலைக்குடிலுக்குப் போய்விட்டாள். ஸ்டூடியோவில் நான் தனியே. நாடா பழசாகிப் பிசுபிசுத்துப்போய் இருந்தது. மெல்லிய சூட்டில் உலர்த்தி எடுத்து ஓடவிட்டேன். திரையில் படம் விரிந்தது. கீழே பேஸ் கிற்றார், நடுவில் குரல், எல்லாம் அழகு. ஆனால் குரல் வருகிற இடமெல்லாம் அதற்கு மேலே, உச்சியில், சின்னச் சின்னப் புள்ளிகள். தூறல் விழுந்த மாதிரி. எனக்கு எதுவும் கேட்கவில்லை. நாடா பழசாகி வெடிக்கிற சத்தம், அழுக்கு என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்துத் துடைத்தேன். குரலில் கை வைக்கவில்லை, குரலுக்கு மேலே இருந்த தூசியைத்தான் தட்டினேன் என்று மனசுக்குள் பெருமை வேறு. துடைத்து முடித்து எய்வினுக்கு அனுப்பினேன். அவர் உடனே போன் எடுத்தார்.

"இப்போதுதான் இது மெட்டல்," என்றார்.

எம்மா மூக்கு நுனி வெயிலில் சிவந்துபோய்த் திரும்பி வந்தாள். வந்ததும் வராததுமாக நான் துடைத்த பிரதியைப் போட்டுக் கேட்டாள். இரண்டாவது பாட்டில் முகம் சுருங்கியது.

"கிலுகிலு எங்கே?"

"எந்தக் கிலுகிலு?"

"குரலோடு வருமே, அது. சட்டைப்பின் சத்தம்."

அட்டையைத் திருப்பிப் பின்பக்கப் படத்தைக் காட்டினாள். மற்ற மூவரும் நீள முடியோடு நிற்க, ஒட்ட வெட்டிய தலையோடு துரூல்ஸ். அவர் போட்டிருந்த தோல் ஜாக்கெட் முழுக்க ஊக்கு ஊக்காகச் சட்டைப்பின். இந்தப் படத்தை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். "இதோடுதான் பாடினார். பதிவு செய்தவர் கழற்றச் சொல்லியும் கழற்றவில்லை. ஆள் ஆடுகிற ஆட்டத்துக்குப் பின் எல்லாம் கிலுங்கும். பழைய தட்டை இன்னும் தேடி வாங்குகிறவர்கள் இதற்காகத்தானே வாங்குகிறார்கள்!" என்றாள்.

மூலநாடாவைப் போட்டாள். திரையில் தூறல் விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பாட்டு ஓடியது, துரூல்ஸ் வெருட்டினார், வேறொன்றும் இல்லை.

"கேட்கிறதுதானே?" என்றாள் எம்மா.

"கேட்கிறது," என்றேன்.

"பிறகு ஏன் எடுத்தாய்?"

"எய்வின் எடுக்கச் சொன்னார்."

என் வாயிலிருந்து அந்தப் பொய் எவ்வளவு இலகுவாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. எம்மா நம்பினாள். எய்வினைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். பிறகு சொன்னாள்: "துரூல்ஸ் வெள்ளிக்கிழமை வருகிறார். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாராம். நீ என்ன சொல்லப் போகிறாய்?"

அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து மூலநாடாவின் படத்தைத் திரும்பத் திறந்தேன். புள்ளிகளைப் பழையபடி போட்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஆனால் அதில் சட்டைப்பின்னும் இருந்தது, உண்மையான நாடா வெடிப்பும் இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே புள்ளி. எது பின், எது அழுக்கு? பிரித்துச் சொல்ல ஒரு காது வேண்டும். எம்மாவைக் கேட்டால் அரை மணித்தியாலத்தில் காட்டிவிடுவாள். கேட்டால் முடிந்தது என் கதை. கசெட்டில் அந்த ஒலி வரவே இல்லை, பழைய தட்டு ஒருநாளும் என் கைக்கு வரவில்லை, குறுந்தட்டில் புதைத்துவிட்டார்கள், இப்போது மூலநாடா என் கையில் இருக்கிறது, எனக்குக் காது இல்லை. நான் உயிராய் நேசித்த தட்டை நான் ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை. இனிக் கேட்கப்போவதுமில்லை. மேசையில் தலையைப் போட்டு அழுதேன்.

வியாழக்கிழமை பின்னேரம் ஹொல்ம்லியாவுக்கு அம்மாவிடம் போனேன். அம்மாவின் பெயர் நேசமணி. ஆனால் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிற சனம் அவருக்கு வைத்திருக்கிற பெயர் 'ரேடியோ'. கதவைத் திறந்த நேரத்திலிருந்து நிறுத்தாமல் கதைப்பார். அன்றும் சிறிதேவியின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது, சுவாமியாருக்கு முழங்கால் நோ, மீன் விலை, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து சட்டைப்பின் கொழுவியிருப்பார். எங்கள் பெண்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். நான் குனிந்து அந்தப் பின்களைக் கையில் எடுத்து, என் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன். ஒன்றுமில்லை. மற்றக் காது. ஒன்றுமில்லை.

அம்மாவின் கதை நின்றுவிட்டது. எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவை.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"இது கிலுங்குதோ அம்மா?"

"எனக்கென்னெண்டு தெரியும்?" என்றார். "எனக்கு உதெல்லாம் கேட்டுக் கனகாலம்."

நான் விளங்காமல் பார்த்தேன். அவர் கதவுப்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். "நான் ஏன் வாய் ஓயாமல் கதைக்கிறன் எண்டு நினைக்கிறாய்? நான் கதைச்சுக்கொண்டிருந்தா மற்றவை என்னட்டை ஒண்டும் கேக்க மாட்டினம். கேட்டாத்தானே பதில் சொல்லோணும்?"

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"அந்த மனுசன் வாய் திறந்தால்தானே தெரியிறதுக்கு." சிரித்துவிட்டு உடனே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "உனக்கும் வந்திட்டுதோ? ஆண்டவரே. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. நான் வேலை செய்த ஹோட்டலிலை ஒருக்கா வாய் தவறிச் சொன்னனான். அடுத்த கிழமை கீழை உடுப்புத் தோய்க்கிற மெஷினுகளுக்கை கொண்டுபோய் விட்டிட்டினம். செவிடிக்கு அந்த இடம் காணும் எண்டு. சொல்லாதை, என்ன? சமாளிக்கலாம். நான் சமாளிக்கேல்லையே?"

ரயிலில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சமாளித்துத்தான் இருந்தார். என்னோடு கதைக்கிறார் என்று நான் நினைத்த அத்தனை வருடமும் அம்மா என்னிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் சொன்ன எத்தனை விஷயம் போய்ச் சேரவே இல்லை? எதிரில் இரண்டு பேர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர்களுடைய பேச்சின் நுனிகள் எனக்கு வரவில்லை. இன்றைக்கு நுனி, நாளைக்கு? அம்மாவைப்போல ஒரு வீட்டுக்குள் இருந்து, கேள்வி வந்துவிடுமோ என்ற பயத்தில் கதைத்துக்கொண்டே கிழவியாகிற என்னை யன்னல் கண்ணாடியில் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை முதலில் வந்தது எய்வின். வெள்ளை முடி இன்னும் தோள்வரை. கம்பீரமாகச் செற்றியில் சாய்ந்துகொண்டார். துரூல்ஸ் பிறகு வந்தார். கம்பளி மேலாடை போட்ட சின்ன உருவம். ரயிலில் சாப்பிட்ட பாண் துகள் நெஞ்சில் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் கை கொடுத்தார்கள். கொடுத்த கையை இருவருமே துடைத்துக்கொள்ளாததுதான் குறை.

"நான் ஒன்றுக்காகத்தான் வந்தேன்," என்று துரூல்ஸ் என்னைப் பார்த்துச் சொன்னார். "என் சட்டைப்பின். இவன் என் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டான். பாட்டை நீட்டினான், என்னை வெளியே போட்டான், நான் இருந்த தடமே இல்லை என்று பேப்பருக்குப் பேப்பர் சொன்னான். பின்னை மட்டும் அவனால் எடுக்க முடியவில்லை. அது என் குரலோடு ஒட்டிக்கொண்டு இருந்தது."

எய்வின் கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

எம்மா என்னைப் பார்த்தாள். நான் துடைத்த பிரதியைத்தான் போட்டேன். மூலநாடா வெடிப்பும் அழுக்குமாய்க் கிடந்தது, வேறு பிரதி என்னிடம் இல்லை. முதல் பாட்டு ஓடும்போதே என் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. இரண்டாவது பாட்டில் குரல் வந்தது. துரூல்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். எழும்பிக் கத்தப்போகிறார், இதோ இப்போது, இதோ இப்போது என்று நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எய்வினைக் கேட்பார், எய்வின் "நான் எதையும் எடுக்கச் சொல்லவில்லையே" என்பார், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்.

பாட்டு முடிந்தது. துரூல்ஸ் கண்ணைத் திறந்தார். கண் ஈரமாக இருந்தது.

"இருக்கிறது," என்றார். "அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பின்னும் கேட்டது. நன்றி."

எம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பிவிட்டேன்! பிறகுதான் உறைத்தது. சொல்வதற்கு முன்னால் அவர் எங்கள் மூன்று பேருடைய முகத்தையும் சட்டென்று ஒருதரம் பார்த்தார். என்ன முகம் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும் என்று தேடுகிற பார்வை. பனிக்காலத்திலிருந்து நான் எல்லாரையும் அப்படித்தான் பார்க்கிறேன். இந்த மனிதருக்கும் கேட்காது.

பேசாமல் விட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். எய்வினுக்குத் துப்புரவான தட்டு. துரூல்ஸ் தன் பின்கள் இருக்கின்றன என்று நம்பிக்கொண்டு துரொண்ட்ஹெய்முக்கு ரயில் ஏறுவார். நான் இன்னும் கொஞ்சக் காலம் சமாளிப்பேன். வாயைத் திறந்தால் எனக்கு மட்டும் இல்லை, அவருக்கும் அடி. அதுவும் எய்வினுக்கு முன்னால். அம்மா பிடித்த மணிக்கட்டு இன்னும் நொந்தது.

"இல்லை," என்றேன். "பின்கள் இல்லை. நான் துடைத்துவிட்டேன். எய்வின் துடைக்கச் சொன்னார் என்று எம்மாவிடம் சொன்னது பொய். எனக்கு மேல் ஒலி கேட்காது. கேட்காததால் அழுக்கு என்று நினைத்தேன். என்னை மன்னியுங்கள்."

எய்வின் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துரூல்ஸைத்தான் பார்த்தார். "அப்படியென்றால் நீ இவ்வளவு நேரமும் கேட்டது என்ன?" என்று கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். "நாற்பது வருடமாகச் சொல்கிறேன். அதில் பங்க் இல்லை."

துரூல்ஸின் முகம் வெந்துபோனது. அவர் கோபிக்கவில்லை. மெதுவாக என்னிடம், "நீ பேசாமல் இருந்திருக்கலாம்," என்றார்.

"ஓம்," என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

எம்மா எழும்பி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "அந்தக் கதிரையை விடு," என்றாள். இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் சரியாக வந்து சேருகிற இடம் அறையில் ஒன்றுதான். அந்தக் கதிரை அங்கேதான் இருக்கிறது. அதில் நான் மட்டும்தான் இருப்பேன். எழும்பி இடம் விட்டேன். அவள் இருந்து, மூலநாடாவைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலைத் தூக்கினாள். "இப்போது. இப்போது. இதில் இரண்டு." விரல் எழும்பியது, விழுந்தது. அறையில் அவளுடைய விரலைத் தவிர எங்களுக்குப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"அது இல்லை," என்றார் துரூல்ஸ் திடீரென்று. "அந்த இடத்தில் நான் அசையவில்லை. மூச்சு எடுத்தேன்."

எம்மா திருப்பிப் போட்டுக் கேட்டாள். "சரிதான். அது நாடா வெடிப்பு."

துரூல்ஸ் அறையின் நடுவில் வந்து நின்றார். பாட்டு மறுபடி தொடங்கியது. அவர் வாயைத் திறக்காமல் தோளை ஆட்டினார், இடுப்பை வெட்டினார், காலைத் தரையில் உதைத்தார். எந்தச் சொல்லில் எந்தப் பக்கம் திரும்பினார் என்பது உடம்பில் அப்படியே இருந்தது. எம்மா அவர் ஆட்டத்தோடு விரலைச் சேர்த்துப் பார்த்துத் திரையில் குறித்துக்கொண்டு போனாள். இது பின், இது அழுக்கு, இது பின். எனக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. நாளைக்கும் இருக்குமா என்று தெரியவில்லை. போய் எய்வினுக்குப் பக்கத்தில் செற்றியில் இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எய்வின் என் பக்கம் சாய்ந்தார். கண் துரூல்ஸில்தான் இருந்தது. மிக மெதுவாக, அந்த விரல் எழும்பிய இடங்களில் தனக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்றார். துடைத்ததுக்கும் துடைக்காததுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, கனகாலமாக இப்படித்தான், அவனிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றார்.

அவர் குசுகுசுத்ததில் பாதிகூட எனக்குக் கேட்கவில்லை. அவருடைய உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.